பத்துப் பேருக்கு மேல் இடமில்லை

அத்தியாயம் ஒன்பது

அம்மா அம்போமா இறந்த எட்டாம் நாள் விடிந்தபோது அந்த வீட்டில் முதலில் கேட்டது அழுகைச் சத்தம் இல்லை. அக்கா தங்கைச் சண்டை.

"இதுல சிம் போடற எடமே இல்ல" என்றாள் செர்வா.

கையிலிருந்த ரௌட்டரை மறுபடி கவிழ்த்துப் பார்த்தாள். கறுப்பாகப் பளபளவென்று, தலையில் ஆறு கொம்போடு, மல்லாக்கப் போட்ட நண்டு மாதிரி இருந்தது. மின்சாரம் கொடுத்ததும் அத்தனை விளக்கும் எரிந்தன. செல்போனில் பெயரும் வந்தது. இணையம்தான் வரவில்லை. தெருவில் கம்பி இழுத்து வீட்டுக்குள் இணையம் கொண்டுவந்திருப்பவர்கள் வைத்துக்கொள்ளும் பெட்டி அது. நகரத்தின் ஓரத்திலுள்ள தாஃபோவில் இவர்கள் தெருவுக்குத் தண்ணீர்க் குழாயே ஒழுங்காக வந்து சேரவில்லை.

வாங்கி வந்தவள் மூத்தவள் கொனாடு. பள்ளிக்கூட ஆசிரியை. தேவாலயப் பாடகர் குழுவில் கூடப் பாடுகிற ஒருவரிடம் சொல்லிவைத்து வாங்கியிருந்தாள். அதற்கு முன்பு ஹாம்பர்க்கில் இருக்கும் தன் தம்பி, செர்வாவுக்கு அண்ணன், ஒஃபோரியிடம், அவன் அறையில் என்ன ரௌட்டர் இருக்கிறது என்று படம் அனுப்பச் சொல்லி, அதே ரகமாகப் பார்த்துப் பிடித்திருந்தாள்.

"ரெண்டு பக்கமும் ஒரே பெட்டி இருந்தாத்தான நல்லா ஒட்டும்?" என்று அவள் கேட்டபோது செர்வாவுக்குக் காதுமடல் வரை சுட்டது.

"இது என்ன செருப்பாக்கா, ஜோடி பாத்து வாங்க?"

"நீ மீன் பெட்டியப் பத்திப் பேசு. அது உனக்குத் தெரியும்."

செர்வா கடைவீதியில் உறைந்த மீன் விற்கிறாள். அதைச் சொல்லிக்காட்ட அக்காவுக்கு எப்போதும் ஒரு வாய்ப்புக் கிடைத்துவிடும். தன் பெட்டியில் மீனாவது இருக்கும், இதில் என்ன இருக்கிறது என்று செர்வா திருப்பிக் கொடுத்தாள். முற்றத்தில் நாற்காலி இறக்கிக்கொண்டிருந்தவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்கள்.

அவள் கோபம் பெட்டியின் மேல் மட்டும் இல்லை. போன வாரம், அம்மா போன அன்று, ஒஃபோரி தொலைபேசியில் சொன்னது அவளுக்குள் கல்லாகக் கிடந்தது. ஊருக்கு அவன் பெரிய போர்கா, வெளிநாட்டுப் பணக்காரன். ஜெர்மனியில் சம்பாதித்து இந்த வீட்டுக்குக் கூரை மாற்றியவன், நினைத்த நேரத்தில் விமானம் ஏறக்கூடியவன், வராமல் இருப்பது திமிரால் என்றுதான் மாமா உட்பட எல்லோரும் நம்பினார்கள். அவனிடம் தங்குவதற்கான காகிதம் எதுவும் கிடையாது என்பது செர்வா ஒருத்திக்குத்தான் தெரியும். அந்த நாட்டை விட்டு ஒரு முறை வெளியேறினால் மறுபடி உள்ளே விடமாட்டார்கள். ஈஸ்டர் முடிவதற்குள் காகிதம் கையில் வந்துவிடும் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். அதுவரை அம்மாவை அடக்கம் செய்யாமல் சவக்கிடங்கிலேயே வைத்திருக்கவேண்டும். அவ்வளவுதான் அவன் கேட்க நினைத்தது.

அதைத் தானே கேட்கவேண்டும் என்றும் சொல்லியிருந்தான். எல்லார் முன்னாலும் தன் வாயால் உண்மையைச் சொல்லிவிட்டுக் கேட்பேன், நீ முந்திக்கொண்டு சொல்லாதே என்று சத்தியம் வாங்கியிருந்தான்.

இன்றைய எட்டாம் நாள் கூட்டத்தில்தான் தாய்மாமா நிமாக்கோ அடக்கத்துக்கு நாள் குறிப்பார். சபையில் நாளைச் சொல்லிவிட்டால் சொன்னதுதான். மத்தியானமே சுவரொட்டி அச்சுக்குப் போய்விடும். அதற்கு முன்னால் ஒஃபோரியின் குரல் இந்த முற்றத்தில் கேட்டாகவேண்டும். வீடோ சரிவின் அடியில் இருக்கிறது. செல்போனில் சாதாரணப் பேச்சே விட்டு விட்டுத்தான் வரும். முகம் பார்த்துப் பேசினால் வாய் அசைந்து முடிந்தபிறகு வார்த்தை வரும், அதுவும் பாதி.

அக்காவின் நண்டை மேசையில் வைத்துவிட்டு, கறுப்புத் துணியை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு செர்வா ட்ரோட்ரோ வேனைப் பிடித்து அடும் கடைத்தெருவுக்குப் போனாள். ஹர்மட்டான் காற்று கொண்டுவந்த தூசியில் எதிர்வரிசைக் கடைகளே மங்கலாகத் தெரிந்தன.

கடைக்காரர் இரண்டு ரௌட்டரை எடுத்து முன்னால் வைத்தார். இரண்டிலும் சிம் போடலாம். ஒன்று பெரியது, வெள்ளை. முப்பத்திரண்டு செல்போன் வரை தாங்கும், ஆனால் சுவரில் செருகினால்தான் உயிர். மற்றது சோப்புக்கட்டி அளவு. உள்ளேயே பேட்டரி இருக்கிறது, மின்சாரம் போனாலும் நாள் முழுக்க ஓடும், ஆனால் பத்து செல்போனுக்கு மேல் ஏற்றுக்கொள்ளாது.

"வீட்டுல எத்தன பேருங்க?" என்று அவர் கேட்டார்.

செர்வா யோசித்தாள். தேவைப்படுவது ஒரே ஒரு செல்போனுக்கு. அவளுடையதற்கு. அது அறுந்துபோகாமல் இருந்தால் போதும். இந்த மாதம் முழுக்க மின்சாரம் சொல்லாமல் கொள்ளாமல் போய்க்கொண்டிருக்கிறது. போன செவ்வாய்க்கிழமை போய் அவளுடைய மீன் பாதி நாறியது. அண்ணன் பேசிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போய்விட்டால் அந்த முப்பத்திரண்டை வைத்து என்ன செய்வது?

சின்னதை எடுத்தாள். சரிவுக்குக் கீழே எந்தக் கம்பெனியின் சிம் எடுக்கும் என்று முந்தின நாளே பக்கத்து வீடுகளில் விசாரித்து வைத்திருந்ததால் அதில் குழப்பம் இல்லை. கடையிலேயே போட்டு, தன் செல்போனில் ஒரு படம் ஓடவிட்டுப் பார்த்தாள். தண்ணீர் மாதிரி ஓடியது.

திரும்பி வந்தபோது பந்தல் பாதி நிரம்பியிருந்தது. கறுப்பும் சிவப்புமாக ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். ரௌட்டரைக் கூடத்தில் வைத்தால் சிக்னல் ஒரு கோடு, ஜன்னலில் இரண்டு. பின்பக்கம் தண்ணீர்த் தொட்டி நிற்கும் மேடையில் ஏணி போட்டு ஏறி வைத்ததும் நாலு கோடும் நிறைந்தன. ரௌட்டரைப் பிளாஸ்டிக் பையில் போட்டுத் தொட்டியின் கழுத்தில் கட்டினாள். கடவுச்சொல்லாக அம்மாவின் பெயரையும் பிறந்த வருடத்தையும் வைத்து, அக்காவிடமும் சொன்னாள்.

ஒஃபோரி திரையில் வந்தான். அங்கேயும் கறுப்புத் துணி உடுத்தியிருந்தான். பின்னால் வெறும் சுவர். குரல் பக்கத்தில் நிற்பவன் பேசுவதுபோல் வந்தது. செல்போனை ஒயரால் ஒலிபெருக்கியோடு சேர்த்துப் பார்த்தபோது அவன் தொண்டையைக் கனைத்தது முற்றம் முழுக்கக் கேட்டது. கெங்கே உருண்டை விற்கும் அம்மாள் திடுக்கிட்டு, "யாரது, ஒஃபோரியா? குரல் கனத்துப்போச்சே" என்று அழ ஆரம்பித்தாள்.

தன் முறை வரும்போது சைகை காட்டினால் போதும், எழுதி வைத்து நாலு தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன் என்றான் அவன். செர்வாவுக்கு அந்த ஒரு கணம் கோபம் தணிந்தது.

பிறகு மாமா நிமாக்கோ வந்து அமர்ந்தார்.

கனத்த உடம்பு, கனத்த குரல். ஆனால் சபையில் அவர் நேராகப் பேசமாட்டார். பக்கத்தில் கோலோடு நிற்கும் பெரியவர் அடுசெய்தான் அவருடைய ஒச்சியாமே. மாமா காதோடு சொல்வார், ஒச்சியாமே அதை அழகாக்கி உலகுக்குச் சொல்வார். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து, வந்த காரணம் கேட்டு எல்லாம் முறைப்படி நடந்தது. அந்தச் சமயத்தில், தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் மாமாவின் பக்கம் குனிந்து, லண்டனில் இருக்கும் தன் மகளும் இந்தக் கூட்டத்தைப் பார்க்க ஆசைப்படுகிறாள், வீட்டில் வைஃபை இருக்கிறதாமே என்று கேட்டார்.

மாமா கொனாடுவைப் பார்த்தார். கொனாடு கடவுச்சொல்லைச் சொன்னாள். மாமா ஒச்சியாமேயின் காதில் ஏதோ சொன்னார்.

அடுசெய் கோலை உயர்த்தினார். அம்போமா உயிரோடு இருந்தவரை இந்த வாசலுக்கு வந்த யாரையும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை என்றார். அந்தப் பெருந்தன்மை அவளோடு போய்விடவில்லை என்றார். தண்ணீர் கொடுத்தாயிற்று, இப்போது வைஃபையும் கொடுக்கிறோம் என்று சொல்லி, கடவுச்சொல்லை எழுத்து எழுத்தாக, வருடத்தோடு, ஒலிபெருக்கியில் இரண்டு தடவை சொன்னார்.

பந்தல் முழுக்கத் தலைகள் குனிந்தன.

செர்வா மாமாவின் பின்னால் போய்க் குனிந்தாள். அந்தப் பெட்டி பத்துப் பேருக்குத்தான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"வந்தவங்க கேட்டாங்க, குடுத்தேன்" என்றார் மாமா, திரும்பாமலே. "எங்க அக்கா வீட்டுல ஒருத்தர் கேட்டு இல்லன்னு சொன்ன சரித்திரம் உண்டா? அப்படிப் பத்தாதுன்னா பெரிசா வாங்கியிருக்கணும்."

"பெரிசு கடையில இருந்துச்சாம் மாமா" என்றாள் கொனாடு. "இவதான் சின்னது போதும்னு வந்திருக்கா."

அக்காவிடம் கடைக்கதையை நாலு வரியில் சொன்னது எவ்வளவு பெரிய தப்பு என்று செர்வாவுக்கு அப்போது புரிந்தது. ஆனாலும் தன் செல்போன் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, அதை யாரும் தள்ளிவிட முடியாது என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டு இடத்துக்குப் போனாள்.

அப்படியே விட்டிருந்தால் நடந்திருக்கும். வாசலில் முரசுச் சத்தம் கேட்டது. அம்மாவின் சொந்தக் கிராமத்திலிருந்து, அங்கே தலைவியான ராணித்தாயின் ஆட்கள் குடை பிடித்துக்கொண்டு வந்து இறங்கினார்கள். மாமாவுக்கு முகமெல்லாம் பெருமை. நம் போர்காவும் பார்க்கட்டும், அவன் அம்மாவுக்கு எப்பேர்ப்பட்ட மரியாதை வருகிறது என்று, போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போ என்று கையை வீசினார். சபையில் மாமா கையை வீசினால் மறுப்பது இல்லை.

செர்வா ஒலிபெருக்கி ஒயரைக் கழற்றிவிட்டுப் போனாள். வாசலைத் தாண்டி நாலு எட்டு வைத்ததும் ஒஃபோரியின் முகம் உறைந்தது. பிறகு திரை கறுப்பானது.

ஓடி வந்தாள். முற்றத்தின் நடுவில் நின்று மறுபடி இணைத்தாள். ஏற்கவில்லை. தொட்டிக்குக் கீழே போய் நின்று முயன்றாள். ஏற்கவில்லை. அவள் விட்டுப்போன இடத்தையும் யாரோ பிடித்து, பத்து இடமும் நிரம்பிவிட்டது. மூன்றாவது வரிசையில் ஒரு பெண் யாருடைய திருமண ஆல்பத்தையோ தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேளக்காரர்களில் இருவர் பந்தாட்டம் பார்த்தார்கள். லண்டன் மகளின் அப்பா தன் செல்போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார்.

கைப்பேசியை அணைத்துவையுங்கள் என்று அவள் முதல் வரிசையில் கேட்டாள். அவர்கள் மரியாதையாக, ஐயோ பாவம் என்று தலையசைத்துவிட்டு, அவள் ஒலியைத்தான் குறைக்கச் சொல்கிறாள் என்பதுபோல் ஒலியைக் குறைத்தார்கள்.

மாமா ஒச்சியாமே பக்கம் சாய்வது தெரிந்தது.

"இன்னும் கொஞ்ச நேரம் மாமா" என்று அவள் கத்தியது முரசில் கரைந்தது. பின்பக்கம் ஓடி ஏணியில் ஏறினாள். ரௌட்டரை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டால், பக்கத்தில் நிற்கிற போனை அது முதலில் எடுத்துக்கொள்ளக்கூடும். பையின் முடிச்சு அவிழவில்லை. அவளே காலையில் கோபத்தோடு இறுக்கிய முடிச்சு. பல்லால் கடித்துக் கிழித்தாள். விசையை அழுத்திப் பிடித்தாள். விளக்குகள் அணைந்தன. மறுபடி அழுத்தினாள். அது எழுந்திருக்க எடுத்துக்கொண்ட நேரம் இருக்கிறதே, அந்த நேரத்தில் கீழே முரசு நின்று, அடுசெய்யின் பழகிய குரல் கணீரென்று வந்தது.

அடுத்த மாதம் மூன்றாவது சனிக்கிழமை, அம்போமாவின் பிள்ளைகளும் சொந்தமும் சேர்ந்து அவளை மண்ணுக்குக் கொடுப்பார்கள்.

ஈஸ்டருக்கு வெகு முன்னால் வருகிற நாள். அவள் அதை ஏணியின் உச்சியில் நின்றுகொண்டு கேட்டாள்.

மின்சாரம் போயிருந்தாலாவது ஒலிபெருக்கி செத்திருக்கும். ஒரு மாதமாகத் தினமும் போன மின்சாரம் அன்றைக்குப் பார்த்துப் போகவே இல்லை.

கையில் திரை வெளிச்சமானது. ஒஃபோரி வந்துவிட்டான்.

"கட்டாயிடுச்சு" என்றான். "மாமா இன்னும் பேசலல்ல? நான் ரெடி."

செர்வா ரௌட்டரைத் தொட்டி மேலேயே வைத்தாள். செல்போனை மட்டும் பிடித்துக்கொண்டு ஏணியில் இறங்கி, முற்றத்தின் நடுவே, பெரியவர்களுக்கு எதிரே யாரும் குறுக்கே நடக்கக்கூடாத வெற்றிடத்தின் வழியாகவே நடந்தாள். காலில் செருப்பு இல்லை. பெரியவர்கள் பக்கம் முணுமுணுப்பு எழுந்தது. இதற்கு ஒரு புட்டி ஷ்நாப்ஸ் சாராயம் அபராதம் என்று யாரோ சொன்னது தெளிவாகவே கேட்டது.

ஒச்சியாமே கோலைக் குறுக்கே நீட்டினார். என்ன சொல்வதானாலும் தன்னிடம் சொல்லும்படி கையை நீட்டினார்.

"நடுவுல ஆள் வேண்டாம்" என்றாள் அவள். "பத்துப் புட்டி வேணா வாங்கிக் குடுக்கறேன்." ஒலிபெருக்கி ஒயரைச் செல்போனில் செருகி, அதை மாமாவின் மடியில் வைத்தாள். "நாள் குறிச்சது நீங்க. அவங்கிட்ட நீங்களே சொல்லுங்க."

மாமா அதைக் கையில் எடுத்தார். அவரும் அப்போதுதான் அவன் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தார் என்று தோன்றியது. ஒலிபெருக்கியில் இணைத்திருந்ததால் இருவர் பேசுவதும் சபை முழுக்கக் கேட்டது.

"மாமா" என்றான் ஒஃபோரி. எழுதி வைத்ததை நிமிர்ந்து நின்று சொல்ல ஆரம்பித்தான். பெரியவர்களை வரிசையாக வணங்கினான். அம்மாவின் பிள்ளையாகத் தனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது என்றான். "அடக்கத்துக்கு நாள் சொல்றதுக்கு முன்னால நான் ஒரு உண்மைய—"

"நாள் சொல்லியாச்சுப்பா" என்றார் மாமா. குரல் கடுமையாக இல்லை. அதுதான் கொடுமை. "அடுத்த மாசம் மூணாவது சனிக்கிழமை. நீ லைன்ல இல்ல. வந்தவங்கள எவ்வளவு நேரம் உக்கார வெக்கறது? ஒம்பது வருஷமா வரேன் வரேன்னு சொல்றே. ஒங்கம்மா வாசலப் பாத்துப் பாத்தே போனா. இப்பவாவது ஒரு டிக்கெட் எடுத்து ஏறு. ஒனக்கு அது என்ன பெரிய விஷயமா?"

திரையில் ஒஃபோரி கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தான். மடித்தான். இன்னொரு மடிப்பு மடித்தான். அவன் சொல்லப்போகிறான், இதோ இப்போது சொல்லிவிடுவான் என்று செர்வா காத்து நின்றாள்.

"சரி மாமா" என்றான் அவன். "வந்துடறேன்."

பந்தலே கைதட்டியது. மேளக்காரர்கள் பந்தாட்டத்தை விட்டுவிட்டு முரசில் இரண்டு அடி போட்டார்கள். கெங்கே அம்மாள் இரண்டு கையையும் வானத்தை நோக்கித் தூக்கினாள். கொனாடு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பார்த்தாயா, முகத்துக்கு நேரே கேட்டால் வருவான் என்று அப்போதே சொன்னேனே என்றாள். மாமா செல்போனைத் தன் துணியில் துடைத்து நீட்டினார்.

செர்வா ஒலிபெருக்கி ஒயரைப் பிடுங்கினாள். சுவர் ஓரமாகத் திரும்பிக்கொண்டாள்.

"ஏண்ணா சொல்லல?"

"எத்தன பேரு இருக்காங்க அங்க" என்றான் அவன். "நாள் சொல்லிட்டாங்க. இனிமே சொன்னா அழுது கெஞ்சற மாதிரி இருக்கும்." பிறகு, "நீ வாயத் தொறக்காத. சத்தியம் பண்ணியிருக்க" என்றான்.

"திரும்பிப் போக முடியாது அண்ணா. கதவ அடச்சுடுவாங்க. நீதான சொன்ன."

"தெரியும்."

அவனே இணைப்பைத் துண்டித்துவிட்டான். இந்தத் தடவை எந்த ரௌட்டர் மேலும் பழி போட முடியாது.

மாமா எழுந்திருக்க நாற்காலியின் கைகளைப் பிடித்துவிட்டார். அச்சகத்துக்குப் போகவேண்டிய ஆள் மோட்டார் சைக்கிளை எடுக்கத் திரும்பியிருந்தான். செர்வாவுக்கு எல்லார் மேலும் கோபம் வந்தது. ஜோடி பார்த்து வாங்கிய அக்கா மேல், கேட்டவருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்த மாமா மேல், கைதட்டியவர்கள் மேல், காகிதத்தை மடித்த அண்ணன் மேல். எல்லாவற்றையும் விட, ஒரு வாரமாக வாயைப் பொத்திக்கொண்டு அலைந்த தன் மேல்.

இந்தத் தடவை அவள் மாமாவிடம் போகவில்லை. ஒச்சியாமே அடுசெய்யின் முன்னால் போய் நின்று, முறைப்படி தலை குனிந்தாள். சபை கலைவதற்குள் தனக்கு ஒரு வார்த்தை இருக்கிறது என்றாள்.

"உக்காருடி" என்று கொனாடு பின்னாலிருந்து அவள் துணியைப் பிடித்து இழுத்தாள்.

அடுசெய் மாமாவைப் பார்த்தார். மாமா புருவத்தைச் சுருக்கினார். ஆனால் முறைப்படி கேட்டவளை மறுக்க முடியாது. நாற்காலியில் மறுபடி அமர்ந்தார். கிழவர் கோலைத் தரையில் ஊன்றினார். மோட்டார் சைக்கிள்காரனும் நின்றான்.

"யார் சார்பில பேசற?" என்று கேட்டார் ஒச்சியாமே.

செர்வா அக்காவின் பிடியிலிருந்து துணியை உருவிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"வர முடியாதவன் சார்பில" என்றாள்.